மலைப்பாதைக்கு ஏற்ற சரக்கு வண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



சரக்கை நல்ல விலைக்கு வாங்குவது வணிகத்தில் பாதி. வாங்கிய சரக்கு சேதமில்லாமல் கடைக்கு வந்து சேர்வது மறு பாதி. சமவெளி வணிகர்களுக்கு இந்த மறு பாதி பெரிய கவலை அல்ல. நமக்கு அதுவே பெரிய கவலை. சேரங்கோடு, சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி, கொளப்பள்ளி, பந்தலூர் என்று எந்த ஊரில் கடை வைத்திருந்தாலும், சரக்கு வரும் வழி எளிதாக இருப்பதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து எடுத்தால் குன்னூர் மலை ஏறி, ஊட்டி கடந்து, பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்க வேண்டும். நிலம்பூர் பக்கமிருந்து எடுத்தால் நாடுகாணி மலைப்பாதை. கோழிக்கோட்டிலிருந்து வயநாடு வழியாக வந்தால் தாமரச்சேரி மலைப்பாதையின் 9 கொண்டை ஊசி வளைவுகள். குண்டலுப்பேட்டை, மைசூர் என்றால் காட்டுவழி. பண்டிப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உள்ளது.

வாடகை வண்டியையே நம்பியிருந்த சிறு வணிகர்கள் பலர் இன்று சொந்த வண்டி வாங்குகிறார்கள். 2005ஆம் ஆண்டு டாடா ஏஸ் சந்தைக்கு வந்த பிறகுதான் இது பரவலாயிற்று. 'குட்டி யானை' என்று நம் மக்கள் செல்லமாக அழைக்கும் அந்த வண்டி, லாரி வாங்க முடியாத வணிகரையும் வண்டி உரிமையாளர் ஆக்கியது. அதன் பிறகு பல நிறுவனங்களின் சிறு வண்டிகள் வந்துவிட்டன. எதை வாங்குவது, புதிதா பழையதா, எவ்வளவு ஏற்றலாம் என்று எங்கள் குடோனுக்கு வரும் வணிகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு ஒரு பாடமாக இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வண்டி வாங்கப் போகிறவர் வழக்கமாகக் கேட்பது, "இது எவ்வளவு இழுக்கும்?" என்பதுதான். மலைப்பகுதியில் இது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "முழுப் பாரத்தோடு இறக்கத்தில் இது நிற்குமா?" என்பதாகும்.

இதற்குக் காரணம் எளிது. ஏற்றத்தில் வண்டிக்குச் சக்தி போதாவிட்டால் அது நின்றுவிடும். நேரம் வீணாகும், டீசல் வீணாகும், கொஞ்சம் அவமானமும் உண்டு, அத்துடன் முடிந்தது. இறக்கத்தில் பிரேக் போதாவிட்டால் போவது ஓட்டுநரின் உயிர், எதிரே வருகிறவரின் உயிர். சரக்கு போனால் அடுத்த மாதம் சம்பாதிக்கலாம். ஓட்டுநரின் குடும்பத்துக்கு நாம் எதைக் கொடுத்து ஈடு செய்வது? ஆகவே இக்கட்டுரையில் வரும் எல்லாக் கணக்கும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமையும்.

எடைக் கணக்கு

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, சரக்கு இல்லாத வண்டியின் எடை. மற்றொன்று, சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே சரக்கின் எடை என்று எடுத்துக்கொள்வது நம்மில் பலரின் வழக்கம். அது சரியல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வெற்று வண்டியின் எடையில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர மாட்டார்கள். அவர்களுடைய எடையை நாம்தான் கழிக்க வேண்டும். வாங்கிய பிறகு நாம் பொருத்தும் இரும்புக் கூண்டு, தார்ப்பாய், கயிறு, உபரிச் சாமான்கள் ஆகியவற்றையும் கழிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வண்டியின் வெற்று எடை 900 கிலோ, மொத்த எடை 1,650 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 750 கிலோ. ஓட்டுநர், உதவியாளர் இருவருக்கும் 140 கிலோ. கூண்டு, தார்ப்பாய் முதலியவற்றுக்கு 60 கிலோ. மீதம் 550 கிலோ. அதாவது 25 கிலோ அரிசி மூட்டை 22 மட்டுமே. 'முக்கால் டன் வண்டி' என்று நாம் பேசுவது உண்மையில் அரை டன்னைச் சற்றே தாண்டிய வண்டிதான்.

அடுத்து, ஒரு சாதாரண மளிகைக் கடையின் வாரச் சரக்கைப் பாருங்கள். அரிசி 25 கிலோ மூட்டை 20 என்றால் 500 கிலோ. சர்க்கரை 50 கிலோ மூட்டை 4 என்றால் 200 கிலோ. எண்ணெய் டின் 10, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 கிலோ என்றால் 150 கிலோ. மொத்தம் 850 கிலோ. இதை அந்த வண்டியில் அடுக்கினால் மேலே இன்னும் பாதி இடம் காலியாகத் தெரியும். "இன்னும் நாலு மூட்டை போடுங்க அண்ணே, வண்டி தாங்கும்" என்ற பேச்சு அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் வருகிறது. ஆனால் அந்த வண்டி அப்போதே 300 கிலோ கூடுதலாகச் சுமந்துகொண்டிருக்கிறது.

கண்ணுக்குத் தெரிவது இடம். சக்கரத்துக்குத் தெரிவது எடை. சிப்ஸ் பாக்கெட்டும் பிஸ்கட் பெட்டியும் வண்டியை நிறைக்கும், எடை இராது. அரிசியும் சர்க்கரையும் உப்பும் அடித்தளத்தோடு முடிந்துவிடும், எடை எல்லை தாண்டியிருக்கும். மயில் இறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லியிருப்பதை நாம் எல்லோரும் பள்ளியில் படித்தவர்கள்தான். நாமோ இறகை ஏற்றவில்லை, அரிசியை ஏற்றுகிறோம்.

ஆகவே வண்டி பார்க்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த மூன்று மாதக் கொள்முதல் பில்களை எடுத்து, ஒவ்வொரு நடையிலும் எத்தனை கிலோ வந்தது என்று கூட்டிப் பாருங்கள். பண்டிகைக் காலத்தின் மிகப் பெரிய நடையைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான நடைக்குப் பொருந்தும் வண்டியை வாங்கி, தீபாவளிச் சரக்குக்கு வாடகை வண்டி பிடிப்பது புத்திசாலித்தனம். வழக்கமான நடைக்கே போதாத வண்டியை வாங்கி, ஒவ்வொரு வாரமும் எல்லை தாண்டுவது ஆபத்து.

சரிவுக் கணக்கு

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கூடலூர் ஏறக்குறைய 1,070 மீட்டர். ஆகவே ஊட்டியிலிருந்து கூடலூர் வரும் வண்டி சுமார் 1,150 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அதில் பெரும் பங்கு நடுவட்டத்துக்குப் பிறகு வரும் இறக்கத்தில்தான்.

மொத்தம் 2,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி இந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதையும் சூடாக மாற்றினால், அது சுமார் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நாலைந்து பெரிய குடங்கள் நிறையத் தண்ணீர். இந்தச் சூட்டில் ஒரு பங்கை எஞ்சினும், ஒரு பங்கைக் காற்றும் சாலையும் எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில் இறங்குகிறது. கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால் பெரும்பங்கு பிரேக்கின் தலையில்தான்.

பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் இரண்டு காரியம் நடக்கும். முதலாவது, லைனிங் பிடிப்பை இழக்கும். மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். கருகிய வாசனை வருவது இதன் அறிகுறி. இரண்டாவது, பிரேக் எண்ணெய் கொதித்துக் குழாயில் குமிழ் உண்டாகும். மிதித்தால் பெடல் தரைவரை போகும், பிடி இராது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்பது தர அளவு. ஈரம் சேர்ந்த நிலையில் அந்த அளவு 140 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. தேவாலா, பந்தலூர் பக்கம் பெய்யும் மழையை நாம் அறிவோம். இங்கே ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரேக் எண்ணெயை முழுவதும் மாற்றுவது அவசியம். வண்டியின் கையேடு அதற்கு முன்பே மாற்றச் சொன்னால் அதன்படி செய்க. ஆகும் செலவு ஒரு எண்ணெய் டின்னின் விலைகூட இராது.

வேகக் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. எடை இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்கு. 20 கிலோமீட்டர் வேகத்தில் அடக்கமாக நிற்கும் அதே வண்டி, 40 கிலோமீட்டரில் நாலு மடங்கு முரண்டு பிடிக்கும்.

உயரத்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். டர்போ உள்ள எஞ்சினுக்கு இந்த இழப்பு குறைவு. மேட்டுப்பாளையம் பாதையில் அடிக்கடி ஓடப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும். கூடலூருக்கும் பந்தலூருக்கும் இடையே மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை.

எந்த வகை வண்டி?

சிறு வணிகர் வாங்கக்கூடியவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோ. விலை குறைவு, குறுகிய தெருவில் திரும்பும். ஊருக்குள் கடைக்குக் கடை சரக்குப் போட உதவும். முன்னால் ஒரே சக்கரம் என்பதால், பாரத்தோடு வளைவில் திரும்பும்போது சாயும் அபாயம் அதிகம். மலைப்பாதையில் நெடுந்தூரம் சரக்கெடுக்க இதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

இரண்டாவது வகை, முக்கால் டன் அளவுள்ள நாலு சக்கரச் சிறு வண்டி. டாடா ஏஸ் 2005இல் வந்தபோது அதன் சுமை அளவு 750 கிலோ; இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன். 2016இல் வந்த மாருதி சூப்பர் கேரி 740 கிலோ. இவ்வகை வண்டிகள் ஒரு கடைக்குப் போதும். வாரம் ஒன்றோ இரண்டோ நடை, ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு உள்ளே என்றால் இதைவிடச் சிக்கனம் வேறில்லை.

மூன்றாவது வகை, ஒன்றேகால் டன்னும் அதற்கு மேலும் ஏற்றும் பிக்கப். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் வண்டி. மகிந்திரா பொலீரோ பிக்கப் பல சுமை அளவுகளில் கிடைக்கிறது. விலை கூடுதல், டீசலும் கூடுதல். ஆனால் எஞ்சினும் பிரேக்கும் சட்டமும் பெரியவை. ஒரு நடையில் 700, 800 கிலோ எடுக்கிறவருக்கு இதுவே பொருத்தம். முக்கால் டன் வண்டி 850 கிலோவை எல்லை தாண்டிச் சுமக்கும். பிக்கப் அதே 850 கிலோவை எல்லைக்குள் சுமக்கும். சரக்கு ஒன்றுதான், பாதை ஒன்றுதான். வீடு வந்து சேரும் நிச்சயம் மட்டும் வேறு.

மேலே சொன்னவை அந்த வண்டிகள் அறிமுகமான காலத்து அளவுகள். ஒரே பெயரில் பல மாடல்கள் வருகின்றன. விற்பனையாளர் வாய்ச்சொல்லை நம்பாமல், நீங்கள் வாங்கும் வண்டியின் ஆவணத்தில் உள்ள எண்ணையே பாருங்கள்.

மின்சார வண்டிகளும் வந்துவிட்டன. இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்தச் சக்தியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். மலைப்பாதைக்கு இது நல்ல வசதி. ஆனால் மலை உச்சியில் பேட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், சக்தியை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இராது. அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும். எரிவாயு வண்டி வாங்குகிறவர்கள், சிலிண்டரின் எடை சரக்கு எடையில் கழியும் என்பதையும், நம் வழியில் நிரப்ப இடம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னால் ட்ரெய்லர் கட்டி இழுப்பது

தேயிலைத் தோட்டங்களில் டிராக்டரின் பின்னால் ட்ரெய்லர் கட்டி இலை ஏற்றி வருவதைப் பார்க்கிறோம். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பின்னால் ஒரு ட்ரெய்லரைக் கட்டிவிட்டால் மலிவாக முடியுமே என்ற எண்ணம் சிலருக்கு வருகிறது. இந்த விஷயத்தில் வெளிநாட்டாரின் அனுபவம் நமக்கு உதவும்.

மேலை நாடுகளில் நடுத்தரக் குடும்பத்தினர் சிறிய பாய்மரப் படகை வீட்டு வாசலில் வைத்திருந்து, விடுமுறைக்கு ட்ரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் கட்டி ஏரிக்கோ கடலுக்கோ இழுத்துச் செல்கிறார்கள். அவர்களுக்கும் நம் கவலையே: விலை குறைந்த எந்தக் கார் இந்தப் பாரத்தைப் பத்திரமாக இழுக்கும்? படகின் எடையை மட்டும் பார்த்து அவர்கள் கணக்குப் போடுவதில்லை. ட்ரெய்லர், பாய்மரம், நங்கூரம், மோட்டார், எரிபொருள், தண்ணீர் எல்லாவற்றையும் ஏற்றி, எடை மேடையில் நிறுத்திப் பார்த்த பிறகே கார் தேடச் சொல்வார்கள் அனுபவசாலிகள்.

பிரிட்டனில், தனி பிரேக் இல்லாத ட்ரெய்லர் பாரத்தோடு 750 கிலோவையோ, இழுக்கும் காரின் எடையில் பாதியையோ, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் ட்ரெய்லருக்கே பிரேக் இருக்க வேண்டும். அமெரிக்காவில், ட்ரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்தும்படி பாரத்தை முன்னால் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். பின்பாரம் கூடினால் ட்ரெய்லர் பாம்புபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பிறகு அதை அடக்குவது கடினம்.

படகானாலும் அரிசி மூட்டையானாலும் விதி ஒன்றே. பிரேக் இல்லாத ட்ரெய்லர், ஏற்றத்தில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்; இறக்கத்தில் வண்டியை முன்னுக்குத் தள்ளும். ஈரமான வளைவில் முன்வண்டி பிரேக் பிடிக்கும்போது, ட்ரெய்லர் குறுக்கே மடங்கி வண்டியைக் கவிழ்த்துவிடும். மேலும் ட்ரெய்லருக்குத் தனிப் பதிவும் காப்பீடும் வேண்டும். விவசாயத்துக்கென்று பதிவு செய்த டிராக்டரில் கடைச் சரக்கை வாடகைக்கு ஏற்றினால் காப்பீடு கைகொடுக்காது. ஆகவே தோட்டத்துக்குள் தேயிலை மூட்டை எடுக்க ட்ரெய்லர் சரி. கடைச் சரக்குக்காக மலைப்பாதையில் இழுத்து வருவது வேண்டாம். சரக்கையும் பிரேக்கையும் ஒரே சட்டத்தில் கொண்ட பிக்கப்பே மேல்.

பழைய வண்டி வாங்கும்போது

கையில் பணம் குறைவாக இருந்தால் பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. முக்கால் டன் புது வண்டியின் விலைக்கு, பராமரிப்பு நன்றாக உள்ள ஒரு பழைய பிக்கப் கிடைக்கலாம். எல்லை தாண்டி ஏற்றாமல் இருக்க அது உதவும் என்றால் அதுவே நல்ல வியாபாரம். ஆனால் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று கீழ்க்கண்டவற்றைப் பார்க்கவும்.

1. சேஸிஸ் சட்டத்தில் வெல்டிங் போட்ட தழும்பு, துரு, வளைவு இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

2. ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி போட்டதைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வண்டி அதிகப் பாரம் சுமந்து பழகியது என்று பொருள். பட்டை கூட்டினால் வண்டி தாழாமல் நிற்கும்; ஆனால் பிரேக்கும் டயரும் அச்சும் பழைய அளவுதான். தாழாமல் நிற்கும் வண்டி நம்மை ஏமாற்றும்.

3. எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக் பெடலைச் சில முறை மிதித்து, பிறகு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

4. சரிவில் நிறுத்தி கைப்பிரேக் மட்டும் போட்டுப் பாருங்கள். முடிந்தால் கொஞ்சம் பாரத்தோடு பாருங்கள். அதே சரிவில் ஏற்றத்தில் எடுத்து கிளட்ச்சையும் சோதிக்கலாம்.

5. டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2423 என்றால் 2023ஆம் ஆண்டின் 24ஆம் வாரம். அளவை அடுத்து வரும் இன்னொரு எண் அந்த டயர் தாங்கும் எடையைக் குறிக்கும். 82 என்றால் 475 கிலோ, 91 என்றால் 615 கிலோ, 100 என்றால் 800 கிலோ. கார் டயரைப் போட்டு விற்கும் வண்டிகளை இந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

6. ஆர்.சி., காப்பீடு, எப்.சி., வரி, நிலுவை அபராதம், பைனான்ஸ் பாக்கி ஆகிய ஆறையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு ஆகும்வரை எப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதற்குப் பிறகு ஆண்டுதோறும். எட்டு ஆண்டைத் தாண்டிய வண்டி வாங்குகிறவர் இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கு

வண்டியின் விலை மட்டும் செலவல்ல. கணக்குப் போடும் முறையை மட்டும் இங்கே காட்டுகிறோம்; தொகைகளை உங்கள் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும். மாதத் தவணை 12,000 ரூபாய், காப்பீடு, வரி, எப்.சி.க்காக ஒதுக்கீடு 3,000, டயர், ரிப்பேருக்கு 3,000, ஓட்டுநர் சம்பளம் 15,000. மொத்தம் 33,000. மாதம் எட்டு நடை என்றால், டீசல் போடும் முன்பே ஒரு நடைக்கு 4,125 ரூபாய் விழுகிறது. இதோடு டீசலைக் கூட்டி, உங்கள் வழியில் வாடகை வண்டி கேட்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாடகை குறைவாக இருந்தால் சொந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் மூவர் சேர்ந்து ஒரே வண்டியைப் பகிர்ந்துகொள்ள முடிந்தால் நடைகள் கூடும், நடைச் செலவு குறையும். ஆனால் மூன்று கடைச் சரக்கையும் ஒரே நடையில் திணித்து மிச்சம் பிடிக்க நினைத்தால், மேலே சொன்ன எடைக் கணக்குக்கே திரும்பி வருகிறோம்.

சட்டம் சொல்வது

அதிகப் பாரத்துக்கான தண்டனை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கடுமையாக்கப்பட்டது. அடிப்படை அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில். இறக்காமல் வண்டி நகர முடியாது. இந்தத் தண்டனை ஓட்டியவருக்கு மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவருக்கும் ஓட்ட அனுமதித்தவருக்கும் உண்டு. "டிரைவர்தான் ஏற்றினான்" என்ற சமாதானம் செல்லாது.

நமக்குச் சாதகமான விதிகளும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகிறவர்கள் அந்தந்த மாநில வரி விவரத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வழியில் கைகாட்டும் தோட்டத் தொழிலாளர்களை மூட்டையின் மேல் ஏற்றிக்கொள்வது நம் பகுதியில் பழக்கம். பஸ் குறைவான ஊரில் இது இரக்கத்தால் செய்யும் காரியம்தான். ஆனால் சரக்கு வண்டியில் இலவசமாகப் பயணம் செய்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. விபத்து நேர்ந்தால் அந்த ஏழைக் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கிடைப்பது கடினம். வண்டிக்காரரின் கடையும் வீடும் போகும்.

ஏற்றுவதும் ஓட்டுவதும்

கனமான மூட்டைகளை அடியிலும், கேபினை ஒட்டி முன்புறமாகவும் அடுக்க வேண்டும். பின் அச்சுக்கு அப்பால் பாரம் கூடினால் முன் சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் ஸ்டீயரிங் கேட்காது. எண்ணெய் டின்கள் நகராதபடி மூட்டைகளுக்கு இடையே வைத்துக் கயிறு போடுங்கள். உயரமாக அடுக்கினால் வளைவில் வண்டி சாயும்.

எந்த கியரில் ஏற வேண்டுமோ அதே கியரிலோ, அதற்கும் குறைந்த கியரிலோ இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது கூடாது; எஞ்சினின் பிடிப்பு முழுவதும் போய்விடும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துப் பிறகு விட வேண்டும். வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ஆற விடுங்கள். சூடான பிரேக்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. பனியிலும் மழையிலும், யானை நிற்கும் இடங்களிலும் அவசரம் காட்டாத ஓட்டுநருக்கு நேரம் தாழ்ந்ததென்று கடிந்துகொள்ளாதீர்கள். முதலாளியின் அவசரம்தான் ஓட்டுநரின் வேகம் ஆகிறது.

சங்கத்துக்கு ஒரு யோசனை

நம் பில்லில் விலை இருக்கிறது, வரி இருக்கிறது, மொத்தத் தொகை இருக்கிறது. மொத்த எடை இல்லை. மொத்த வணிகர்களாகிய நாங்கள் ஒவ்வொரு பில்லின் அடியிலும் "மொத்த எடை இத்தனை கிலோ" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், வாங்குகிறவரும் ஓட்டுநரும் வண்டி புறப்படும் முன்பே எல்லையை அறிந்துகொள்வார்கள். இதற்குச் செலவு ஒரு பைசாவும் இல்லை. அதேபோல் சில்லறை வணிகர்கள் தங்கள் வண்டியின் உண்மையான சரக்கு எடையை, ஓட்டுநர், கூண்டு எல்லாம் கழித்து, கதவின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க லோடுமேனுக்கே ஒரு நிமிடம் போதும். எல்லை தாண்டினால் மீதி மூட்டைகளை அடுத்த நடைக்கு எங்கள் குடோனில் வைத்திருக்க நாங்கள் தயார். அதற்கு வாடகை கேட்க மாட்டோம். மற்ற மொத்த வணிகர்களும் இப்படிச் செய்ய முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். மலைநாட்டு வணிகத்துக்கு அச்சாணி, சரக்கு கொண்டுவரும் வண்டியும் அதை ஓட்டும் மனிதரும். வண்டி பார்க்கப் போகும் அன்று பில்களின் எடைக் கணக்கையும் மெக்கானிக் ஒருவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். "எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்கும் முன், "எவ்வளவு பாரத்தோடு நிற்கும்?" என்று கேளுங்கள்.